டவுனுக்கு ஒரு எட்டு

குதிகால் சிமெண்டுத் தரையில் மோதுகிற சத்தம் அது. டக், டக், டக், நடுவில் ஒரு இழுப்பு, மறுபடியும் டக், டக். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தாண்டி வந்தது. மேபல் டீச்சர் அப்போது அரைப்பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பகவதி எதையோ இடிக்கிறாள், சுக்கோ மல்லியோ, மனுஷர் கண்ணயர்கிற நேரம் பார்த்து இடிப்பதற்கென்றே சில பேர் பிறக்கிறார்கள் என்று நினைத்து, சிவப்புப் பேனாவின் பின்பக்கத்தால் சுவரில் கோபமாக இரண்டு தட்டும் தட்டினாள். அந்த இரண்டு தட்டு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. அப்புறம்தான் பகவதியின் அலறல் வந்தது. டீச்சர் ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். எம்.ஏ. படித்தவள், பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள், வலிப்புக்கு இரும்பைக் கையில் திணிப்பது மூடத்தனம் என்று வகுப்பிலேயே சொன்னவள், ஒன்பது வயது வடிவின் இறுகிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து சாவிகளைத் திணித்தாள். வாயோரம் நுரை. பாவாடை நனைந்திருந்தது. அது தானாக நிற்கிற நேரம் வந்து நின்றதோ, என்னவோ, நின்றது. மகளை மடியில் போட்டுக்கொண்டு பகவதி, "டீச்சர், ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், ஒங்களயும் என்னயும் தவிர ஒரு ஈ எறும்புக்குத் தெரியப்பிடாது. பொட்டப்புள்ள" என்றாள். நிஜமாகவே காலைப் பிடித்தாள். கை ஈரமாக இருந்தது. டீச்சருக்கு அந்த ஈரம் எதனுடையது என்று தெரியும், காலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்போது இழுத்துக்கொள்ளவில்லை என்பதை இன்றைக்கு யாராவது கணக்கில் வைப்பார்களா.

மணி மூணே முக்கால். ஆனி மாதத்துச் சாரல் காற்று வெயிலுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் டவுன் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாகிவிட்டது. அறுபத்தேழு வயதில் இதுவும் ஒரு சாமர்த்தியம்தான். "ஆச்சி, காலை உள்ள இழுங்க, பைய மடில வைங்க, பையும் டிக்கெட் எடுத்திருக்கா?" என்று கண்டக்டர் சிரித்தான். ஆச்சி. முப்பத்துநாலு வருஷம் டீச்சர், ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து பஸ்ஸுக்கு அவள் ஆச்சி. படியில் தொங்கினவனைப் பார்த்து, "ஏல, மேல வால, விழுந்தா ஒங்கம்மைக்கு யாருல பதில் சொல்லுவா?" என்றான். விழுந்தாலும் ஊர் பதில் சொல்லும். இந்த ஊருக்குத் தெரியாத பதில் கிடையாது. மற்ற ஊர்களில் அடிப்பார்கள், வெட்டுவார்கள் என்று பேப்பரில் போடுகிறான். இங்கே யாரையும் தொடமாட்டார்கள். விசாரிப்பார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு வந்துவிட்டால் எதிர்வீடு, பக்கத்து வீடு, பால்காரர், படித்த பள்ளிக்கூடம், பெட்டிக்கடை என்று நாலு இடத்தில் நின்று, "சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறாள். வடிவுக்கு வரன் வந்திருக்கிறது, மின்வாரியத்தில் இன்ஜினியர், டவுனில் சொந்த வீடு. மாப்பிள்ளையின் அத்தை தெய்வானை எட்டாம் வகுப்பில் இவளிடம் படித்தவள். அங்கே வந்து விசாரித்தால் பகவதிக்குத் தெரிந்துபோகும், டீச்சர் டவுனுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போனால் உபகாரமாக இருக்கும் என்று போன் பண்ணியிருந்தாள். மேபல் டீச்சரைத்தான் கேட்கவேண்டும் என்று மாப்பிள்ளையின் அப்பா பிடிவாதமாம். ஊருக்குள் இது பழைய பேச்சு. சர்ச்சுக்குப் போகிற வேதக்கார டீச்சர், நம்ம ஆட்களோடு பங்காளிப் பகை கிடையாது, கல்யாணம் ஆகவில்லை, பெண் எடுக்கவோ கொடுக்கவோ ஆளில்லை, பின் எதற்காகப் பொய் சொல்லப்போகிறாள். ஒருமுறை முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை குடிக்கிறவன் என்று பட்டென்று சொல்லி ஒரு பெண்ணைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்கப்புறம் அவள் வார்த்தைக்கு முத்திரை விழுந்துவிட்டது. யாருக்கும் எதுவுமாக இல்லாததற்குக் கிடைத்த சம்பளம் அது. நல்ல பிள்ளை, குறை ஒண்ணும் கிடையாது. உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். நல்ல பிள்ளை, குறை ஒண்ணும் கிடையாது. முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

சொல்லிவிடலாம். இதில் என்ன இருக்கிறது. வலிப்பு இரண்டே தடவை வந்தது, மூன்று வருஷம் மாத்திரை, பன்னிரண்டு வயதில் டாக்டரே நிறுத்திவிட்டார், அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் ஒன்றுமில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வது பொய்யாகாது. ஜன்னலுக்கு வெளியே ஜெயில் மதில் வந்தது, போயிற்று. பிறகு பள்ளிக்கூடச் சுவர், பிறகு இன்னொரு பள்ளிக்கூடச் சுவர். இந்தப் பாளையங்கோட்டையில் அடைத்துவைப்பதற்கும் படிக்கவைப்பதற்கும் ஒரே கொத்தனார்தான் சுவர் வைத்திருப்பான் போல. கண் தெரியாத பிள்ளைகள் நாலு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பதற்கு நின்றார்கள். பஸ் அவர்களுக்காக நிற்கவில்லை. அந்தக் கதவு மட்டும் இல்லாதிருந்தால் சொல்லிவிடலாம். நினைக்கக்கூடாது என்றுதான் பஸ் ஏறினாள். பதினோரு நாளுக்கு முன்னால், பெண் பார்க்க வருகிற அன்று காலையில், பகவதி கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முந்தானையைத் திருகினாள். "டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா நெனைச்சுக்கிடப்பிடாது. நானா சொல்லல, எங்க மதினி சொல்லுதா. அவுக வாற நேரம், பத்துலேருந்து பதினொண்ணு, ஒங்க வாசக்கதவ மட்டும் சாத்திக்கிடுதீயளா? காருல வந்து எறங்கும்போது மொத மொத..." முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியம் என்ன. தாலி ஏறாத கழுத்தோடு நிற்கிற ஒருத்தி முதலில் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதானே. "அதுக்கென்ன பகவதி, சாத்திக்கிடுதேன்" என்று சிரித்தாள். சாத்தினாள். கேசரியைத் தின்றாள், ஆறிப்போவதற்குள். அதுதான் பொறுக்கவில்லை. கேசரி நன்றாக இருந்தது, முந்திரி நிறைய போட்டிருந்தாள், கதவுக்கு இந்தப்பக்கம் இருட்டில் நின்று கிண்ணத்தை வழித்துத் தின்றுகொண்டே கார்க்கதவு சாத்துகிற சத்தத்தை எண்ணினாள். மூன்று. கேசரி கொடுத்த அந்தக் கைதானே அன்றைக்கு இவள் காலைப் பிடித்தது.

வண்ணாரப்பேட்டையில் பஸ் பாதி காலியாகி, இறங்கினதைவிட அதிகம் ஏறியது. கையில் எக்ஸ்ரே உறைகள், பிளாஸ்க், வெள்ளரிப்பிஞ்சு, கட்டுப்போட்ட கால். ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம். இப்போது ஊரின் நோயெல்லாம் இங்கேதான் வரிசையில் உட்காருகிறது. வடிவை இங்கேதான் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பகவதி ஒருபக்கம், டீச்சர் ஒருபக்கம், நடுவில் இரட்டைச் சடையோடு அது. மருந்துச் சீட்டில் டாக்டர் இங்கிலீஷில் எழுதினதை டீச்சர்தான் படித்துச் சொன்னாள். மாத்திரையைப் பாளையங்கோட்டைக் கடைகளில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று மாதாமாதம் ஜங்ஷனுக்குப் போய் வாங்கிவந்ததும் டீச்சர்தான். யாருக்கு என்று கடைக்காரர் ஒருதடவை கேட்டார். எனக்குத்தான் என்றாள். அது பொய்தானே. அன்றைக்கு அது நாக்கில் ஒட்டவில்லையே. சரி, மறுபடி வந்தால்? அதை யோசிக்கவேண்டாமா? பிரசவத்தில் வரும் என்பார்கள், தூக்கம் கெட்டால் வரும் என்பார்கள். மாமியார் வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில், பத்துப்பேர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, பரிமாறுகிற கரண்டியோடு அது விழுந்தால்? மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று அன்றைக்கே கொண்டுவந்து தெருவில் இறக்கிவிட மாட்டார்களா? அப்போது யார் பாவம்? முன்னாலேயே தெரிந்துகொண்டு கட்டினால் அது தர்மம். அப்படிப் பார்த்தால் சொல்வதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற நன்மை. இந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இதமாகப் பரவியது, வெந்நீர் குடித்ததுபோல. அந்த இதத்தைக் கண்டுதான் பயந்தாள். நன்மை செய்கிறபோது இவ்வளவு ருசியாகவா இருக்கும்.

கொக்கிரகுளம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுக்கொடுக்க வந்தவர்கள் மரத்தடியில் படுத்திருந்தார்கள். பிறகு பாலம். பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று, கூடவே சாக்கடை வாடை, இரண்டையும் சேர்த்துத்தான் மூக்கு இழுக்கவேண்டும். கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அமலைச்செடி பச்சைப் பாயாக மிதந்து போயிற்று. ஒரு பக்கம் எருமை, ஒரு பக்கம் துணி, நடுவில் கல்மண்டபத்தின் மேலிருந்து ஒருவன் குதித்தான். தாமிரபரணி பற்றி வருஷத்துக்கு மூன்று வகுப்பு எடுப்பாள். பொதிகையில் பிறந்து, வேறெந்த ராஜ்யத்துக்கும் போகாமல், பிறந்த சீமைக்குள்ளேயே கடலில் விழுகிற ஆறு. பெருமையாகச் சொல்வாள். எந்தப் பிள்ளையும் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பிறந்த இடத்திலேயே முடிந்துபோவது. இந்தப் பாலத்தைத் தாண்டி இவள் வாழப் போனதில்லை. இவளைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிக்க வந்ததில்லை. நிறம், பல், அப்பாவின் கோபம், தங்கைகள் மூன்று பேர், என்ன காரணமோ, ஒருவர்கூட ஒரு வாசலில் நின்று, ஞானதாஸ் உபதேசியார் வீட்டு மூத்த பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை. கேட்டு, குறை சொல்லி, நின்றுபோயிருந்தால்கூட ஒரு கதையாக இருந்திருக்கும். போன வருஷம் கண்ணில் புரை எடுத்தபோது நாற்பது நாள் சொட்டு மருந்து விட்டது வடிவுதான். நாளைக்கு நாலு தடவை. கட்டைவிரலால் இமையைத் தூக்கி, "டீச்சர், மேல பாருங்க. அந்தப் பல்லியப் பாருங்க. ம், அவ்வளவுதான்" என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. அந்த விரலில் எப்போதும் ஒரு மஞ்சள் வாசனை. அது டவுனுக்குப் போய்விட்டால் பேப்பர் வாசிக்க யார். இரவு மூச்சு முட்டினால் சுவரைத் தட்ட, சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்து வர யார். பகவதி வருவாளா? கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னவளா? சே. அதற்காகவா. அதற்காக இல்லை. பாலம் முடிந்துவிட்டது. இவ்வளவு நீளமாக இருந்த பாலம் எப்போது இவ்வளவு சின்னதாகப் போயிற்று.

ஜங்ஷனில் கூட்டம் நெருக்கியது. அல்வாவை நின்றுகொண்டே தின்று இலையைக் காலடியில் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள். ஈரடுக்குப் பாலத்தில் பஸ் ஏறும்போது கீழ் அடுக்கில் சைக்கிள்கள் இருட்டுக்குள் போயின. ஆர்ச் தாண்டியதும் டவுன் காற்றே வேறு, கற்பூரம், பித்தளைக்கடைப் புளி, குறுகலான தெருவில் ஒரு வீட்டுத் தாளிப்பு அடுத்த வீட்டுக்குள் போகிறது. ரதவீதியில் தேருக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது முடிவாக இருந்தாள். நல்ல பிள்ளை, குறை ஒண்ணும் கிடையாது. எப்படிச் சுற்றிக் கேட்டாலும் அதையே. உடம்புக்கு ஏதாவது உண்டா என்று நேராகக் கேட்டால்? கிடையாது. சின்ன வயதில்? கிடையாது. கேள்விகளை ஒவ்வொன்றாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்தாள், மாதிரி வினாத்தாள் தயாரிக்கிற மாதிரி. ஆயுசில் முதல்தடவையாகப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பயம் என்னவென்று தெரிந்தது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இன்றைக்கு ஒரு வீடு இவள் வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

வீடு உட்கார்ந்திருக்கவில்லை. தெய்வானை ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் "வாங்க டீச்சர், இருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். பந்தல்காரனோடு பேச்சு. வைரத்தோடு போனில் இடித்தது. இந்தப் பெண்ணை ஒருநாள் முழுக்க பெஞ்சின்மேல் நிற்கவைத்திருக்கிறாள், வரைபடத்தில் வைகையைக் கொண்டுபோய்க் கேரளாவில் விட்டதற்கு. பேசி முடித்து வந்து, "டீச்சர் கொஞ்சம்கூட மாறல! அதே கொண்டை, அதே பை" என்று காபியை நீட்டினாள். காபி நல்ல சூடு. "மண்டபம் கெடைக்கிறது குதிரக்கொம்பா இருக்கு டீச்சர். ஆவணி ரெண்டாவது முகூர்த்தம், மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு எரநூறு எலைன்னு சொல்லியாச்சு. ஒங்களுக்கும் பத்திரிக்க வரும், வந்திரணும்." டீச்சர் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டாள். "பிள்ளையப் பத்திக் கேக்கணும்னு..." "ஆமாமா. நேர்ல நெறம் போட்டோல உள்ளதுதானா? அண்ணன் பாத்துட்டு வந்து வெள்ளைங்கான், மதினி மாநெறம்ங்கா." "சிவப்புதான்." "சரி, போதும்" என்று சிரித்தாள் தெய்வானை. டீச்சர் காத்திருந்தாள். அடுத்த கேள்வி வரவில்லை. உள்ளே யாரிடமோ, "தேங்கா எத்தனன்னு கேளு" என்று குரல் கொடுத்தாள். "வேற ஒண்ணும் கேக்கலையா?" என்றாள் டீச்சர். தன் குரல் தனக்கே கெஞ்சுவதுபோலக் கேட்டது. "வேற என்ன டீச்சர்? நாங்க எல்லாம் விசாரிச்சாச்சு, ஜாதகமும் பொருந்தியாச்சு. ஒங்கட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் ஆச்சுன்னு அண்ணன் ஒத்தக்கால்ல நின்னான், அவன் திருப்திக்குத்தான். குடித்தனம் நடத்துத காரியமெல்லாம் ஒங்கள்ட்ட கேட்டு என்னத்த டீச்சர், நீங்க பாவம் அந்தத் தொல்லையே இல்லாம நிம்மதியா இருந்துட்டீய." அதில் ஒரு விஷமும் இல்லை. அதுதான். வாய் நிறைய அன்போடுதான் சொன்னாள். காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தாள், நிதானமாக. கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது, அதை இவர்கள் கேட்கவே போவதில்லை, பதில் கையில் இருக்க மணி அடித்துத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள். "ரொம்ப நல்ல பிள்ளை" என்றாள் மேபல் டீச்சர். "ஒன்பது வயசுல வந்ததோட சரி. இப்ப மாத்திரைகூட கெடையாது."

தெய்வானை எழுந்திருக்கப் போனவள் உட்கார்ந்தாள். "என்னது வந்தது டீச்சர்?" இப்போது அந்த முகத்தில் வைரம், மண்டபம், தேங்காய் எல்லாம் போய், பெஞ்சின்மேல் நின்ற பிள்ளையின் கண் திரும்ப வந்திருந்தது. உள்ளேயிருந்து தெய்வானையின் அண்ணன் வந்து கதவோரம் நின்றார். அவர் மனைவியும் வந்தாள். யாரோ மின்விசிறியைக் கூட்டிவைத்தார்கள். டீச்சர் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை குறைத்தும் சொல்லவில்லை. இரண்டு தடவை வலிப்பு, மூன்று வருஷம் மாத்திரை, பன்னிரண்டு வயதில் அதையும் டாக்டரே நிறுத்தினார், கவலைப்பட ஒன்றுமில்லை. மாத்திரையின் பெயர்கூட ஞாபகமிருந்தது. "நல்ல பிள்ளை, தாராளமா முடிக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் கைகூப்பினார். "இதுக்குத்தான் டீச்சர் ஒங்களக் கேக்கணும்னேன். பெத்தவளே மூடி மறச்சிட்டா பாருங்க." பஸ்ஸில் போகக்கூடாது என்று காரில் ஏற்றினார்கள். மடியில் ஆப்பிளும் சாத்துக்குடியும் நிறைந்த பை ஏறியது. கார் பாலத்தில் போகும்போது கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஆற்று வாடை தெரியவில்லை. உடம்பு லேசாக இருந்தது. கொஞ்சநேரம்தான். பாலம் முடிவதற்குள் அந்த லேசு போய்விட்டது. நல்லது சொன்னேன், முடிக்கலாம் என்றுதானே சொன்னேன், தாராளமா என்றுகூடச் சொன்னேனே, தாராளமா என்று எத்தனை தடவை சொன்னேன், இரண்டா, மூன்று சொல்லியிருக்கவேண்டும். கண்டிப்பா என்று சொல்லியிருக்கலாம். மாத்திரையின் பெயர் எதற்கு. அதை எதற்குச் சொன்னேன்.

தெருமுனையிலேயே காரை நிறுத்தச் சொன்னாள். பகவதி தெருக்குழாயில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்க டீச்சர், இந்த வெயில்ல?" "கண் டாக்டர்கிட்ட." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது, நாக்கில் ஒட்டவே இல்லை. "வடிவக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா, சும்மாதான இருந்தா. ஏட்டி வடிவு, டீச்சர் கையில பையப் பாரு, என்னட்டி நிக்க, வாங்கு." வடிவு ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். "எம்மா, என்ன கனம்! இவ்வளவு பழமும் யாருக்கு டீச்சர்?" "ஒனக்குத்தான்" என்றாள் டீச்சர். மூன்றாம் நாள் டவுனிலிருந்து, நாள் ஒத்துவரவில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தது. அன்றைக்குப் பகவதி டீச்சர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்துதான் அழுதாள், சொந்த வீட்டில் அழுதால் வடிவு பார்ப்பாள் என்று. "எந்தப் பாவி நாக்கோ டீச்சர். யாரு என்னத்தச் சொன்னாவளோ. ஒங்களயும் என்னயும் தவிர யாருக்கும் தெரியாதே, அப்ப அது இல்ல, வேற என்னமோ" என்றாள். டீச்சர் அவளுக்கு நீராகாரம் கலக்கிக் கொடுத்தாள். ஐப்பசிக்குள் இன்னும் இரண்டு வரன் வந்தது, இரண்டும் டவுன் பக்கம் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வரவில்லை. அடுத்த தையில் வடிவைக் கோவில்பட்டியில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு நாற்பத்தாறு வயது, மூத்த மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.